துளை சிறியது, முடிவு பெரியது

(நூலக வாசகர் வட்டம் ஒன்றின் மருத்துவச் சொற்பொழிவு வரிசையில், இரைப்பை குடல் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வருடக்கணக்கில் நெஞ்செரிச்சலோடு இருப்பவர்கள் என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "டாக்டர், லேப்ராஸ்கோப்பில பண்ணிடலாமாமே, ரெண்டே நாள்ல வீட்டுக்குப் போயிடலாமாமே?" பண்ணலாம், போகலாம். இரண்டும் உண்மை. ஆனால் வயிற்றின் மேல் தெரிகிற தழும்பு அரை அங்குலம் என்பதால் உள்ளே நடக்கிற மாற்றமும் அவ்வளவுதான் என்று நினைத்துவிடக் கூடாது. விழுங்குவது, ஏப்பம் விடுவது, வாந்தி எடுப்பது என்று பிறந்ததிலிருந்து நாம் யோசிக்காமல் செய்துவரும் காரியங்களின் கணக்கே அங்கே மாறுகிறது. யாருக்கு அந்த மாற்றம் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

முதலில் எதுக்களிப்பு நோய் என்னவென்று பார்த்துவிடுவோம். தொண்டையிலிருந்து இரைப்பை வரை இறங்கும் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். அதன் அடிமுனையில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. நாம் விழுங்கும்போது திறந்து வழிவிட்டுவிட்டு மூடிக்கொள்வது அதன் வேலை. அதே இடத்தில் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் வெளியிலிருந்து குழாயைக் கவ்விப் பிடிக்கிறது. உள்ளே ஒரு பிடி, வெளியே ஒரு பிடி. இரண்டும் ஒரே மட்டத்தில் சேர்ந்து நின்றால் இரைப்பையில் இருப்பது மேலே ஏறாது.

இது கெடுவதற்கு இரண்டு வழிகள் முக்கியம். ஒன்று, விழுங்காத நேரத்திலும் அந்தச் சுருக்குத்தசை சில நொடிகள் தானாகத் தளர்ந்துவிடுவது. ஏப்பம் வருவதற்காக எல்லோருக்கும் இப்படித் தளரும். எதுக்களிப்பு நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சமயத்தில் காற்றோடு அமிலமும் மேலேறும். இரண்டாவது, உதரவிதானத்தில் உள்ள வழி அகன்றுபோய், இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் நழுவிவிடுவது. இதை இரைப்பை ஏற்றம் என்கிறோம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஹையாட்டஸ் ஹெர்னியா' என்று எழுதியிருப்பது இதைத்தான். உள்பிடி ஓரிடம், வெளிப்பிடி ஓரிடம் என்று பிரிந்துவிட்டால் கதவு இருந்தும் பூட்டு இல்லை.

நாம் 'கேஸ் மாத்திரை' என்று பொதுவாகச் சொல்லும் மாத்திரைகளில் பல, அமிலச் சுரப்பைக் குறைப்பவை. 1988-இல் சுவீடனில் ஒமிப்ரசோல் விற்பனைக்கு வந்தபோது இந்தச் சிகிச்சையே தலைகீழாக மாறியது. பாண்டோபிரசோல், ரேபிப்ரசோல், எசோமிப்ரசோல் எல்லாம் அதே குடும்பம். இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளித்தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. அவற்றில் இயங்கிக்கொண்டிருப்பவற்றைத்தான் இந்த மருந்து அடைக்கும். அவை மும்முரமாக இயங்குவது சாப்பிடும்போது. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்கிறோம். இரவு சாப்பிட்டுவிட்டு, நெஞ்சு கரித்தபின் எழுந்து போடுகிறவருக்கு மாத்திரையின் பாதிப் பயன் வீண்.

மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், கதவைச் சரிசெய்யாது. அமிலம் நீங்கிய நீர் மேலே வருவது அப்படியே நீடிக்கலாம். எரிச்சல் போய்விடும், ஆனால் குனிந்து செருப்பு மாட்டும்போது வாய்க்குள் சோறு வரும், படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறி இருமல் வரும். அறுவை மருத்துவன் எட்டிப்பார்க்க நியாயமான இடம் இதுதான்.

எதுக்களிப்புக்கான அறுவை எப்படிப் பிறந்தது என்பது ஒரு நல்ல கதை. ருடால்ஃப் நிஸ்ஸன் 1896-இல் பிறந்த ஜெர்மானிய யூதர். பெர்லினில் புகழ்பெற்ற அறுவை மருத்துவராக இருந்தவர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி இஸ்தான்புல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1936-இல் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புண் வந்த ஒருவருக்கு, அந்தப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, மிச்சக் குழாயை இரைப்பையோடு தைத்தார். தையல் கசியாமல் இருக்க, இரைப்பையின் சுவரையே மடித்துத் தையலைச் சுற்றி மூடினார். தையலைக் காப்பதுதான் அவருடைய நோக்கம், எதுக்களிப்பு அல்ல. ஆனால் அந்த நோயாளிக்கு அதற்குப்பின் எதுக்களிப்பே இல்லை என்பது அவர் மனத்தில் பதிந்தது.

அங்கிருந்து 1939-இல் அமெரிக்கா போனார். 1948-இல் புரூக்ளினில் ஐன்ஸ்டைனின் வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்துக்கு, செல்லோஃபேன் தாளைச் சுற்றி அறுவை செய்தவர் இவர்தான். 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு வந்தார். 1955-இல்தான், இஸ்தான்புல்லில் கண்டதை நினைவில் வைத்து, எதுக்களிப்புக்கென்றே இரைப்பையை உணவுக்குழாயைச் சுற்றித் தைத்தார். 1956-இல் அதை ஒரு 'எளிய அறுவை' என்று சொல்லிக் கட்டுரையாக எழுதினார். இன்றும் உலகம் முழுக்க அதற்கு அவர் பெயர்தான்.

சுற்றித் தைப்பது என்றால் என்ன? இரைப்பையின் மேல்பகுதி தளர்வான பை. அதை உணவுக்குழாயின் பின்பக்கமாக இழுத்து முன்னால் கொண்டுவந்து, கழுத்தில் துண்டைச் சுற்றிப் போடுவதுபோல் போட்டுவிட வேண்டும். இரைப்பை நிறைந்து அழுத்தம் கூடும்போது இந்தச் சுற்றும் சேர்ந்து இறுகும், கதவு மூடும். துண்டை எவ்வளவு இறுக்குவது? நிஸ்ஸனுக்குப் பின் வந்த அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் போராடியது இந்தக் கேள்வியோடுதான்.

ஆரம்பகாலச் சுற்றுகள் நீளமாகவும் இறுக்கமாகவும் இருந்தன. அமிலம் நின்றது, கூடவே ஏப்பமும் நின்றது. சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொண்டு, காற்று மேலே வர வழியில்லாமல் திணறினார்கள். சோறு நெஞ்சில் நின்றது. 1986-இல் அமெரிக்க மருத்துவர் டாம் டிமீஸ்டர் தாம் செய்த நூறு அறுவைகளை ஆராய்ந்து எழுதியது இந்தத் துறையில் ஒரு திருப்பம். சுற்று குறுகிவிடாமல் இருக்க, தைக்கும்போது உணவுக்குழாய்க்குள் ஓர் அளவுக்குழாயை நுழைத்து வைப்பார்கள். அதன் விட்டத்தை 12 மில்லிமீட்டரிலிருந்து 20 மில்லிமீட்டராக அவர் கூட்டியதும், அறுவைக்குப் பின் தற்காலிகமாக விழுங்கச் சிரமப்பட்டவர்கள் 83 விழுக்காட்டிலிருந்து 39-ஆகக் குறைந்தார்கள். சுற்றின் நீளத்தை 4 சென்டிமீட்டரிலிருந்து 1 சென்டிமீட்டராகச் சுருக்கியதும், நிரந்தரமாக விழுங்கச் சிரமப்பட்டவர்கள் 21 விழுக்காட்டிலிருந்து 3-ஆகக் குறைந்தார்கள். வெறும் 3 சென்டிமீட்டர் வித்தியாசம்! பிரான்சில் டோரும் டூப்பேயும் 1960-களின் தொடக்கத்திலேயே வேறு வழி காட்டியிருந்தார்கள். முழுச்சுற்று வேண்டாம், டோர் முறையில் முன்பக்கம் அரைச்சுற்று, டூப்பே முறையில் பின்பக்கம் முக்கால் சுற்று. உப்பசம் குறைய வேண்டும் என்பதற்காக இன்று பலர் டூப்பே முறையையே விரும்புகிறார்கள்.

இதெல்லாம் மேல்வயிற்றை நீளமாகக் கிழித்துச் செய்த காலம். 1991-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பெர்னார் டாலமான் இதே அறுவையை லேப்ராஸ்கோப் மூலம் செய்து காட்டினார். இன்று வழக்கமாக நடப்பது அந்த முறைதான். உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குக் கொஞ்சம் காட்டுகிறேன்.

நோயாளிக்கு முழு மயக்கம். தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை, குடல் கீழே சரிந்து இடம்விடும். வயிற்றில் ஐந்து சிறு துளைகள், ஒவ்வொன்றும் 5 முதல் 12 மில்லிமீட்டர். கார்பன் டை ஆக்சைடை நிரப்பி வயிற்றுச்சுவரைத் தூக்கியதும் கேமரா உள்ளே போகிறது. கல்லீரலின் இடப்பக்க மடலைத் தூக்கிப் பிடித்தால் அதன் அடியில் உணவுக்குழாய் நுழையும் வாசல் தெரியும். இரண்டு பக்கமும் உதரவிதானத்தின் தசைத்தூண்கள். இரைப்பை ஏற்றம் உள்ளவருக்கு அந்த வாசல் வழியே இரைப்பை மேலே மறைந்து கிடக்கும். மெதுவாக இழுத்துக் கீழே கொண்டுவர வேண்டும். உணவுக்குழாயை ஒட்டி ஓடும் வேகஸ் நரம்புகளைத் தொடாமல் சுற்றிலும் விடுவித்து, குறைந்தது 2 சென்டிமீட்டர் உணவுக்குழாயாவது இழுப்பில்லாமல் வயிற்றுக்குள் நிற்கும்படி செய்ய வேண்டும். பிறகு அகன்ற வாசலைக் கரையாத நூலால் தைத்துக் குறுக்க வேண்டும். மண்ணீரலோடு இரைப்பையைக் கட்டிவைத்திருக்கும் சிறு ரத்தக்குழாய்களை அடைத்து வெட்டினால்தான் இரைப்பையின் மேல்பகுதி தாராளமாக வரும். அதைப் பின்னால் கொடுத்து முன்னால் வாங்கி, இரு முனைகளையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்ப்போம். முறுக்கிக்கொள்ளாமல் சறுக்கினால் சரி. கையை விட்டதும் பின்னோக்கி ஓடினால் இறுக்கம் என்று அர்த்தம், மீண்டும் விடுவிக்க வேண்டும். கடைசியில் இரண்டு மூன்று தையல். பார்க்கிறவருக்கு அறுவை என்றால் அந்தத் தையல்தான், செய்கிறவருக்கு அதற்கு முன்னால் உள்ளதெல்லாம்.

அதற்குப்பின் சில வாரங்கள் கஞ்சி, குழைந்த சாதம், கூழ். இட்லியையும் நன்றாக மென்று, கொஞ்சம் கொஞ்சமாக. சோடா கூடாது, கனம் தூக்கக் கூடாது. உள்ளே வீக்கம் வடிகிற வரை விழுங்குவதில் ஓர் உறுத்தல் இருக்கும். பெரும்பாலோருக்கு அது போய்விடும்.

இதைவிட எளிதாகச் செய்ய முடியாதா என்று தேடியவர்களின் வரலாறும் உண்டு. அதில் வெற்றியும் இருக்கிறது, பாடமும் இருக்கிறது. 1979-இல் அமெரிக்காவில் ஏஞ்செல்சிக் என்பவர் உணவுக்குழாயின் அடிமுனையில் கட்டிவிடும் சிலிக்கோன் வளையம் ஒன்றைக் கொண்டுவந்தார். தையல் வேலையே இல்லை, கட்டினால் முடிந்தது. ஆயிரக்கணக்கானோருக்குப் பொருத்தினார்கள். நாளடைவில் வளையம் இடம் நகர்ந்தது, சிலருக்கு விழுங்கவே முடியவில்லை, கழற்ற மறு அறுவை தேவைப்பட்டது. அந்த வளையம் வழக்கொழிந்தது. அடுத்து 2003-இல் எண்டெரிக்ஸ். வாய்வழி எண்டோஸ்கோப்பை விட்டு, சுருக்குத்தசையில் ஒரு பாலிமர் திரவத்தை ஊசியால் ஏற்றுவார்கள், அது உள்ளே கெட்டிப்படும். வெளியே ஒரு துளைகூடக் கிடையாது. ஆனால் திரவம் குழாயின் சுவரைத் தாண்டி நெஞ்சுக்குள் போனபோது உயிருக்கே ஆபத்தானது. 2005-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. துளையே இல்லாத சிகிச்சையிலும் உயிர் போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இன்று புழக்கத்தில் உள்ள புதிய முறைகளில் நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது லிங்க்ஸ். டைட்டானியம் உறைக்குள் காந்தம் வைத்த சிறு மணிகளைக் கோத்த வளையம். லேப்ராஸ்கோப் மூலம் உணவுக்குழாயின் அடிமுனையைச் சுற்றி மாட்டுவார்கள். மணிகள் ஒன்றையொன்று ஈர்த்து வாசலை மூடிவைக்கும். உணவு வரும்போது விலகி வழிவிடும், போனதும் சேரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012-இல் இதற்கு அனுமதி தந்தது. மாத்திரை போட்டும் எதுக்களிப்பு நிற்காத 152 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆறு மாதத்தில் வளையம் மாட்டியவர்களில் 89 விழுக்காட்டினருக்கு எதுக்களிப்பு நின்றது. மாத்திரையை இருவேளையாகக் கூட்டியவர்களில் 10 விழுக்காட்டினருக்குத்தான் நின்றது. ஏஞ்செல்சிக் வளையம் செய்ய முடியாததை இது செய்கிறது, காரணம் இது விரிகிறது. இருந்தாலும் விழுங்கச் சிரமம் சிலருக்கு உண்டு, கழற்ற வேண்டிய நிலையும் சிலருக்கு வரும். எம்ஆர்ஐ எடுக்கும் முன் உள்ளே காந்தம் இருப்பதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வாய்வழியே கருவியை இறக்கி, இரைப்பையின் மேல்முனையை உள்பக்கமிருந்தே மடித்துப் பிளாஸ்டிக் பிணைப்பிகளால் பொருத்தும் முறை. டிஐஎஃப் என்பார்கள். வயிற்றில் துளை இல்லை. ஆனால் உதரவிதான வாசலை இது சரிசெய்யாது. எனவே இரைப்பை ஏற்றம் இல்லாதவருக்கு, அல்லது 2 சென்டிமீட்டருக்குள் இருப்பவருக்குத்தான் இது பொருந்தும்.

மூன்றாவது ஸ்ட்ரெட்டா. ரேடியோ அலை வெப்பத்தைச் சுருக்குத்தசையில் செலுத்துவது. 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆதாரம் உறுதியாக இல்லை என்று சொல்லி, அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் அமைப்பு ஒன்று 2022-இல் வெளியிட்ட வழிகாட்டலில் இதைப் பரிந்துரைக்கவில்லை.

நான்காவது ஜப்பானிலிருந்து வந்தது. ஹருஹிரோ இனோவே என்ற எண்டோஸ்கோப்பி மருத்துவர், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் வந்த ஒருவருக்கு உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்தோலைச் சுற்றிலும் எண்டோஸ்கோப்பாலேயே எடுத்தார். புண் ஆறித் தழும்பாகச் சுருங்கியதும் அந்த நோயாளியின் எதுக்களிப்பும் நின்றுவிட்டது. அதையே ஒரு சிகிச்சையாக்கி 2014-இல் வெளியிட்டார். இஸ்தான்புல்லில் நிஸ்ஸனுக்கு நடந்ததும் இதுதானே? ஒன்றுக்காகச் செய்தார்கள், இன்னொன்று குணமானது. அதைக் கவனிக்க ஆள் இருந்ததுதான் விஷயம்.

இத்தனை முறைகள் இருக்கையில் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய வேறொன்று இருக்கிறது: உங்களுக்கு இருப்பது எதுக்களிப்பு நோய்தானா?

2019-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. அமிலம் குறைக்கும் மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று சொல்லி வந்த 366 பேரைச் சேர்த்தார்கள். முதலில் எல்லோருக்கும் இரண்டு வாரம், வேளைக்கு ஒன்றாக, காலை இரவு சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் என்று ஒழுங்காக மாத்திரை கொடுத்தார்கள். 42 பேருக்கு அதிலேயே குணமாகிவிட்டது. இவர்களுக்கு வேண்டியிருந்தது புது வைத்தியம் அல்ல, ஒரு கடிகாரம். பரிசோதித்ததில் 99 பேருக்கு அமிலத்தோடு சம்பந்தமே இல்லாத எரிச்சல், அதாவது நரம்புணர்வு மிகைப்பட்ட நிலை. 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு நோய்கள். பரிசோதனையை முடிக்காதவர்களும் வேறு காரணங்களால் விலக்கப்பட்டவர்களும் போக மிஞ்சியவர்கள் 78 பேர். இந்த 78 பேரில் அறுவை செய்துகொண்டவர்களில் 67 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் நல்ல பலன். கூடுதல் மருந்து பெற்றவர்களில் 28 விழுக்காடு. வெற்று மாத்திரை சேர்த்துக் கொடுத்தவர்களில் 12 விழுக்காடு. பொருத்தமான ஆளுக்கு அறுவை எவ்வளவு வலிமையானது என்பதும், பொருத்தமானவர் எவ்வளவு குறைவு என்பதும் ஒரே ஆய்வில் இருக்கிறது.

பொருத்தம் பார்ப்பது எப்படி? எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் நன்றாகப் புண்ணாகியிருந்தால் ஐயமில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோது அளக்க வேண்டும். மூக்கு வழியே நூல்போன்ற குழாயை இறக்கி, இடுப்பில் சிறு பெட்டியோடு 24 மணி நேரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். வழக்கமான சாப்பாடு, வழக்கமான வேலை. காரக்குழம்பைத் தவிர்க்கக் கூடாது, அதற்காகத்தானே சோதனை! நெஞ்செரியும்போது பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். உணவுக்குழாயில் பிஎச் அளவு 4-க்குக் கீழே போன நேரத்தைக் கணினி கூட்டிச் சொல்லும். மொத்த நேரத்தில் 6 விழுக்காட்டுக்கு மேல், அதாவது ஒரு நாளில் 86 நிமிடத்துக்கு மேல் அமிலம் நின்றிருந்தால் நோய் உறுதி. 4 விழுக்காட்டுக்குள் என்றால் இயல்பு. பொத்தானை இருபது தடவை அழுத்தியும் அமில அளவு இயல்பாக இருந்தால், அவருக்கு இரைப்பையைச் சுற்றித் தைப்பதில் பொருளில்லை.

இன்னொன்று மேனோமெட்ரி. உணவுக்குழாய் உணவை எவ்வளவு விசையோடு கீழே தள்ளுகிறது என்று அளப்பது. அகலேசியா என்றொரு நோய் உண்டு. அதில் கீழ்வாசல் திறக்கவே மறுக்கும். தேங்கிய உணவு வாய்க்கு வரும், நெஞ்சு எரியும். பார்த்தால் எதுக்களிப்பு மாதிரியே இருக்கும். திறக்காத வாசலை மேலும் இறுக்கினால் அந்த மனிதரின் கதி என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த இரண்டு சோதனைகளையும் பற்றிப் பேசாமல் அறுவைக்குத் தேதி குறித்தால், நீங்கள் எழுந்து வந்துவிடலாம்.

உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறைய இரைப்பையைக் குழாய்போல் குறுக்கும் ஸ்லீவ் அறுவை எதுக்களிப்பைக் கூட்டக்கூடும். ஏற்கெனவே எதுக்களிப்பு கடுமையாக இருந்தால் இரைப்பை பைபாஸ் வகைதான் பொருத்தம் என்பதை எடைகுறைப்பு அறுவைக்கு முன்பே பேசிவிடுங்கள். எடை குறைப்பது, இரவுச் சாப்பாட்டை முன்கூட்டி முடிப்பது, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது ஆகியவை எந்தக் கருவியும் இல்லாமல் பலன் தருபவை. எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை: நடக்கும்போது நெஞ்சு அழுத்தி, வியர்த்து, இடக்கைக்கு வலி பரவினால் அது இதயக் கோளாறாக இருக்கலாம்; கேஸ் என்று சொல்லி மாத்திரை தேடாதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எனக்கு அமிலம் ஏறுவது அளந்து பார்த்து உறுதியாகியிருக்கிறதா? என் உணவுக்குழாயின் தள்ளுவிசைக்கு முழுச்சுற்று தாங்குமா, முக்கால் சுற்றா? மாத்திரையே எனக்கு நன்றாகக் கேட்கிறது என்றால் அறுவையால் கூடுதலாக என்ன கிடைக்கும்? இந்த மூன்றாவதற்கு ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2011-இல் பதில் தந்தது. மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து ஐந்தாண்டு பார்த்தார்கள். நோய் அடங்கியிருந்தவர்கள் அறுவைப் பக்கம் 85 விழுக்காடு, மாத்திரைப் பக்கம் 92. அவர்களுக்கு இரண்டுமே நல்ல வழிதான், விருப்பம் அவர்களுடையது.

நான்காவது கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள்: திரும்ப வந்தால் என்ன செய்வது? சுவீடனில் லேப்ராஸ்கோப் அறுவை செய்துகொண்ட 2,655 பேரைத் தொடர்ந்து பார்த்ததில் 17.7 விழுக்காட்டினருக்கு எதுக்களிப்பு திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர், 83.6 விழுக்காடு, நீண்டகால மாத்திரைக்குத் திரும்பினார்கள். மற்றவர்களுக்கு மறு அறுவை. ஆக, ஏறத்தாழ ஆறு பேரில் ஐந்து பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரை இன்னும் கையில் இருக்கிறது. இந்தக் கணக்கை முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிட்டு, நீங்கள் யோசிக்க ஒரு வாரம் தருகிற மருத்துவரிடம் தைரியமாக அறுவைக்குப் போங்கள்.